ஸ்காட்லாந்து டார்டனும் குடும்பப் பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடின்பரோ கோட்டையிலிருந்து இறங்கி வரும் ராயல் மைல் தெருவில் கடைக்குக் கடை ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், இதுதான் உங்கள் குலத்துத் துணி என்று ஒரு மஃப்ளரை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி வாங்கி வந்தவர்கள், பெயருக்குப் பின்னால் ஒரு மெக்டொனால்டோ ஃப்ரேசரோ இருப்பவர்கள், சும்மா டார்டன் என்ற இந்தக் கட்டம் போட்ட துணியின் அழகில் மயங்கியவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துணியை வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தேடாதீர்கள். குடும்பத்தைக் கண்டுபிடித்த பிறகு துணிக்கு வாருங்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

கட்டம் போட்ட துணி எல்லாமே டார்டன்தானா?

இல்லை. டார்டனில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் எந்த நிறம் எந்த வரிசையில் எத்தனை இழை ஓடுகிறதோ, குறுக்கே ஓடும் ஊடையிலும் பொதுவாக அதே நிறம், அதே வரிசை, அதே எண்ணிக்கை. அந்த வரிசைக்கு 'செட்' என்று பெயர். பெரும்பாலான டார்டன்களில் இந்த வரிசை ஒரு முனை வரை போய், கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே திரும்பி வரும். நெசவு ட்வில் நெசவு, ஜீன்ஸ் துணியில் சாய்வாக ஒரு கோடு ஓடுமே, அதே முறை. அதனால் இரண்டு நிறம் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் கண்ணுக்குத் தெரியும். மூன்றே நிற நூலை வைத்து நெய்தாலும் துணியில் ஆறு நிறம் தெரிவது இப்படித்தான். நம் மெட்ராஸ் செக் துணியிலும் கட்டம் உண்டு, ஆனால் அது பருத்தியில் சாதா நெசவு, செட் என்ற கணக்கும் அதற்குக் கிடையாது.

அமெரிக்காவில் இதையே பிளெய்டு என்பார்கள். ஸ்காட்லாந்தில் பிளெய்டு என்றால் தோளில் போர்த்திக்கொள்ளும் நீளத் துணி, டிசைனுக்குப் பெயர் டார்டன். ஆன்லைனில் தேடும்போது இந்தக் குழப்பம் வரும்.

ஆதிகாலத்திலிருந்தே ஒவ்வொரு குலத்துக்கும் தனி டார்டன் இருந்ததா?

நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். துணி பழையது என்பது உண்மை. ஃபால்கிர்க் ஊருக்குப் பக்கத்தில் ரோமானிய நாணயங்கள் நிறைந்த ஒரு பானையோடு கிடைத்த கட்டம் போட்ட துணித் துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. க்ளென் ஆஃப்ரிக் பள்ளத்தாக்கின் கரிச் சதுப்பில் கிடைத்த இன்னொரு துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள், அதை 2023இல் டண்டீயில் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் 'இந்த டிசைன் இந்தக் குலத்துக்கு' என்ற ஏற்பாடு அவ்வளவு பழையதில்லை.

1703இல் மார்ட்டின் மார்ட்டின் என்ற ஹைலேண்ட்ஸ்காரர் (ஹைலேண்ட்ஸ் என்பது ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்கு மலைநாடு) எழுதி வைத்தது என்னவென்றால், போர்த்தியிருக்கும் துணியைப் பார்த்து ஓர் ஆள் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாம் என்பது. ஊரைத்தான் சொன்னார், குலத்தை இல்லை. நினைத்துப் பார்த்தால் இயல்பான விஷயம்தானே, அந்தந்தப் பள்ளத்தாக்கில் இருந்த நெசவாளி அங்கே கிடைத்த பாசியிலும் செடி வேரிலும் சாயம் போட்டு, தன் கைக்குப் பழகிய டிசைனை நெய்தார், சுற்றியிருந்த எல்லோரும் அதையே உடுத்தினார்கள். 1704இல் கிராண்ட் குலத்தலைவர் தன் ஆட்கள் சிவப்பும் பச்சையுமாக டார்டன் அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டதற்கு எழுத்துச் சான்று உண்டு. ஆனால் அதற்குச் சில வருடங்களிலேயே ரிச்சர்ட் வெய்ட் என்ற ஓவியர் அதே கிராண்ட் குடும்பத்தினரை வரைந்த படங்களைப் பாருங்கள், ஆளுக்கொரு டிசைன் போட்டிருக்கிறார்கள். ஸ்டூவர்ட் ராஜ வம்சத்துக்காகக் கிளம்பிய ஹைலேண்ட்ஸ் படையை அரசுப் படை 1746 ஏப்ரல் 16ஆம் தேதி முறியடித்த கல்லோடன் போரை டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்திலும் அப்படித்தான், ஒரே ஆள் மேல் இரண்டு மூன்று டார்டன்கள் இருக்கின்றன. அந்தப் போரில் யார் எந்தப் பக்கம் என்பதைத் தொப்பியில் குத்தியிருந்த வெள்ளை நாடாப் பூவை வைத்துத்தான் கண்டுகொண்டார்கள்.

அப்போ இன்றைக்கு இருக்கும் பட்டியல் எங்கிருந்து வந்தது?

கல்லோடனில் தோற்ற பிறகு ஹைலேண்ட்ஸ் உடைக்கே தடை வந்தது. 1747 ஆகஸ்டு 1 முதல் ஆண்களும் சிறுவர்களும் அந்த உடையைப் போடக் கூடாது, முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் கடல் தாண்டி நாடு கடத்தல். 1782இல்தான் தடையை நீக்கினார்கள். 35 வருடம் என்பது ஒரு தலைமுறைக்கு மேல். தாத்தா உடுத்தியதைப் பேரன் பார்த்ததே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், ஏனென்றால் துணியோடு சேர்த்து அதைப் பற்றிய நினைவும் போய்விட்டது. தடைக்கு விலக்கு ராணுவத்துக்கு மட்டும். ஹைலேண்ட்ஸ் படைப்பிரிவுகள் தொடர்ந்து டார்டன் போட்டன, கருநீலமும் கருப்பும் பச்சையும் கலந்த பிளாக் வாட்ச் டிசைன் அந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் வந்தது வியாபாரம். பானக்பர்னில் வில்லியம் வில்சன் அண்டு சன் என்ற நெசவுக் கம்பெனி ராணுவத்துக்கு மூட்டை மூட்டையாக டார்டன் நெய்தது. அவர்களுடைய பல டிசைன்களுக்கு முதலில் வெறும் எண்தான் இருந்தது, ஊர்ப் பெயரும் குலப் பெயரும் பிறகு ஒட்டிக்கொண்டன. 1819இல் அவர்கள் எழுதி வைத்த இழைக் கணக்குப் புத்தகம் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு முக்கியமான ஆதாரம்.

1815இல் லண்டன் ஹைலேண்ட் சங்கம் ஒவ்வொரு குலத்தலைவருக்கும் கடிதம் எழுதி, உங்கள் குலத்து டார்டன் மாதிரியைக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டது. பலருக்குத் தன் குலத்து டார்டன் எது என்றே தெரியவில்லை. ராபர்ட்சன் குலத்தலைவர் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார், ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார், எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பொறுப்பேற்று வரவேற்பை நடத்தினார், குலத்தலைவர்கள் எல்லோரும் தங்கள் டார்டனில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். இல்லாதவர்கள் அவசர அவசரமாக வாங்கினார்கள். நெசவாளிகளுக்கு நல்ல காலம்.

1842இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று தங்களை அழைத்துக்கொண்ட இரண்டு சகோதரர்கள், ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்டவர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று 75 டார்டன்களை வைத்து 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். சுவடி போலி. ஆனால் அதிலிருந்த பல டிசைன்களைக் குலங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன, இன்றும் அதைத்தான் அணிகிறார்கள்.

அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இருநூறு வருடமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போருக்கும் போட்டுப் போன துணி அது. கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1969இல் அப்பல்லோ 12இல் போன ஆலன் பீன் மெக்பீன் டார்டன் துண்டு ஒன்றை நிலவு வரை கொண்டுபோனார். உங்கள் குலத்து டார்டன் 1820களில் முடிவானது என்று தெரிந்துகொண்டு அணிவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 'ஆயிரம் வருடப் பழமை' என்று அட்டை போட்டு விற்றால், அதை நம்பாதீர்கள்.

ஏன்ஷியன்ட், மாடர்ன், ஹன்டிங், டிரெஸ் என்று நாலு விதமாகக் காட்டுகிறார்களே, எது அசல்?

ஏன்ஷியன்ட், மாடர்ன் இரண்டும் வயதைக் குறிக்கவில்லை, சாயத்தின் அடர்த்தியைக் குறிக்கின்றன. மாடர்ன் என்றால் ரசாயனச் சாயம் வந்த பிறகு பழகிய அடர்நிறம், ஏன்ஷியன்ட் என்றால் செடிச் சாயம்போல வெளிறிய நிறம். வெதர்ட் என்றால் மண்ணில் கிடந்து மங்கிய தோற்றம். இழைக் கணக்கு மூன்றிலும் ஒன்றேதான். ஹன்டிங்கும் டிரெஸ்ஸும் டிசைனிலேயே வேறு. ஹன்டிங்கில் பச்சையும் பழுப்பும் தூக்கல், டிரெஸ்ஸில் வெள்ளை தூக்கல். எதுவும் தப்பில்லை.

என் பெயர் குலப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் கடையில் ஒரு குலத்தின் 'செப்ட்' என்றார்களே?

செப்ட் என்றால் ஒரு பெரிய குலத்தை அண்டி வாழ்ந்த சிறு குடும்பம், வேறு பெயருடன். கருத்து நிஜம்தான். கடையில் இருக்கும் நீளமான பட்டியல்கள் மட்டும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் தொகுத்தவை, வாடிக்கையாளர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. ஸ்மித் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் மிக அதிகமாக இருக்கும் பெயர், கொல்லர் என்று அர்த்தம். எந்த ஊரில் கொல்லர் இல்லை? எல்லா ஸ்மித்துகளையும் ஒரே குலத்தில் சேர்ப்பது, நம் ஊரில் ஆசாரி என்ற பெயர் உள்ள எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்று சொல்வதற்குச் சமம். லோலேண்ட்ஸ் என்ற தாழ்நிலப் பக்கத்துப் பெயர்கள் பலவற்றுக்குக் குலமே கிடையாது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, மாவட்ட டார்டன்கள் இருக்கின்றன, உங்கள் முன்னோர் ஊர் தெரிந்தால் அதை அணியலாம். செப்ட் பட்டியலைவிட அது உங்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் கருத்து.

ஒரே குலப் பெயர் என்றால் ரத்த உறவுதானே?

இல்லவே இல்லை, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கேலிக் மொழியில் 'கிளான்' என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள், எல்லோரும் ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. நடைமுறை வேறு. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள் பாதுகாப்புக்காக அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஃப்ரேசர் பெயரை ஏற்றால் ஒரு மூட்டை மாவு கிடைக்கும் என்று சேர்ந்தவர்களை 'மாவு மூட்டை ஃப்ரேசர்கள்' என்று சொல்லும் வழக்கம்கூட உண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1603இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் மெக்ரெகர் என்ற பெயரையே தடை செய்தார், அந்தப் பெயரை வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் மர்ரே, கிராண்ட், டிரம்மண்ட், ஸ்டூவர்ட், கேம்ப்பெல் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்துகொண்டார்கள். ராப் ராய் என்ற பேர்பெற்ற மெக்ரெகர்கூடத் தாய் வழியில் கேம்ப்பெல் என்ற பெயரைப் பயன்படுத்தினார். 1661இல் தடை நீங்கி, 1693இல் திரும்ப வந்து, 1774இல்தான் ஒரேயடியாகப் போனது. இன்றைக்கு ஒரு கேம்ப்பெல் குடும்பம் ரத்தத்தில் மெக்ரெகராக இருக்கலாம். ஜமைக்காவிலும் கேம்ப்பெல் பெயர் ஏராளம், அங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் கரும்புத் தோட்டம் வைத்து ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக நடத்தியதன் சுவடு அது. ஒரு பெயருக்குப் பின்னால் பாசமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம், கொடுமையும் இருக்கலாம்.

பெயரின் தொடக்கத்தில் மேக் என்று முழுசாக எழுதினால் ஸ்காட்லாந்து, எம்சி என்று சுருக்கினால் அயர்லாந்து என்பது உண்மையா?

உண்மையில்லை. இரண்டும் ஒரே சொல்தான், மகன் என்று அர்த்தம், சுருக்கி எழுதுவது எழுத்தரின் பழக்கம். ஒரே குடும்பத்தின் அண்ணனுக்கு முழுசாகவும் தம்பிக்குச் சுருக்கியும் பதிவேட்டில் இருக்கும். பெயர்களின் அர்த்தம் அழகானது: மெக்கின்டயர் என்றால் தச்சர் மகன், மெக்டாகர்ட் என்றால் பாதிரியார் மகன், மெக்நாப் என்றால் மடாதிபதி மகன். கேமரூன் என்றால் வளைந்த மூக்கு, கேம்ப்பெல் என்றால் கோணல் வாய்.

சரி, குடும்பத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து. உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, பைபிளின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பதையும் பழைய படங்களின் பின்புறத்தையும் பார்த்து, ஒரு பெயர், ஓர் ஊர், உத்தேசமான ஒரு வருடம், இந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். வரலாற்றில் பெயர் பெற்ற ஒருவரைப் பிடித்து அவரிலிருந்து உங்களை நோக்கி வர முயன்றால் அது கற்பனையில்தான் முடியும்.

ஸ்காட்லாந்து வம்சாவளி என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' என்ற தளத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு, மக்கள்தொகைக் கணக்கு, உயில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டு பெயர்களைத் தேடுவது இலவசம், மூல ஆவணத்தின் படத்தைத் திறக்கத்தான் காசு. அரசுப் பதிவு 1855 ஜனவரி 1இல் தொடங்கியது. அங்கே இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்து இருக்கும், இங்கிலாந்தின் பழைய சான்றிதழ்களில் இது கிடையாது. ஒரு கிழவியின் இறப்புச் சான்றிதழ் 1780களில் பிறந்த பெற்றோர் வரை உங்களைக் கூட்டிப்போய்விடும். 1855ஆம் வருடச் சான்றிதழ் கிடைத்தால் புதையல்தான். அந்த ஒரு வருடம் மட்டும் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், முன்பு பிறந்த பிள்ளைகள் என்று அள்ளி எழுதினார்கள், எழுத்தர்களுக்கு வேலை தாங்காமல் அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். உங்கள் நேரடி முன்னோர் அந்த வருடம் பிறக்கவில்லையா, அவருடைய தம்பி தங்கை யாராவது பிறந்தார்களா என்று பாருங்கள்.

கணக்கெடுப்புகள் 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒன்று, 100 வருடம் கழித்துத்தான் திறப்பார்கள், அதனால் இப்போது 1921 வரை பார்க்கலாம்.

1855க்கு முன்னால்?

தேவாலயப் பதிவேடுகள். மிகப் பழையது எரோல் ஊரினுடையது, 1553இல் தொடங்குகிறது, ஆனால் எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் 1800ஐ ஒட்டித்தான் தொடங்கும் பதிவேடுகள் நிறைய. இவற்றில் இருப்பது பிறந்த தேதி என்பதைவிட ஞானஸ்நானத் தேதி, திருமணம் என்பதைவிடத் திருமண அறிவிப்பு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி போட்டார்கள், ஏழைகள் பதியாமலே விட்டுவிட்டார்கள். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து பெரும் கூட்டம் வெளியேறியது, அவர்கள் பிள்ளைகளின் பெயரும் பழைய பதிவேட்டில் கிடைக்காது. பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பெயர் வைக்கும் முறையும் துணைக்கு வரும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். எல்லாக் குடும்பமும் இதைக் கடைப்பிடிக்கவில்லை, அதனால் இதைச் சாட்சியாக எடுக்காமல் துப்பாக மட்டும் எடுங்கள்.

எழுத்துக்கூட்டலும் படுத்தும். மென்சீஸ் என்று எழுதுவதுபோல் தெரியும் பெயரை மிங்கிஸ் என்று சொல்வார்கள், மெக்லியோட் என்று எழுத்தில் இருப்பது மெக்கிளவுட். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரு பெயரைப் பத்து விதமாகத் தேடிப் பார்க்கத் தயாராக இருங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் குலம் தெரிந்துவிடுமா?

அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் சோதனை குடும்பப் பெயரோடு சேர்ந்தே போவதால் உதவும். அதே பெயருள்ள, காகித ஆதாரம் வைத்திருக்கும் இன்னொருவரோடு பொருந்தினால் நல்ல செய்தி. பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு தத்தெடுப்பு, ஒரு பெயர் மாற்றம், ஒரு 'மாவு மூட்டை' நடந்திருக்கிறது. '37 சதவீதம் ஸ்காட்டிஷ்' மாதிரியான பொது அறிக்கையால் குலத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் குடும்பச் சின்னம் என்று ஒரு கேடயப் படம் விற்கிறார்களே?

ஸ்காட்லாந்துச் சட்டப்படி குடும்பச் சின்னம் என்று ஒன்றே கிடையாது. சின்னம் தனி ஒருவருக்குச் சொந்தம், லார்டு லயன் என்ற அதிகாரி அதைப் பதிவு செய்து கொடுக்கிறார், பதிவேடு 1672இல் தொடங்கியது. அடுத்தவர் சின்னத்தைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்வது குற்றம். குலத்தைச் சேர்ந்த யாரும் அணியக்கூடியது, தலைவரின் கேடயத்துக்கு மேலே வரும் முடிச்சின்னத்தைச் சுற்றி ஒரு பெல்ட்டும் பக்கிளும் இருக்கும் பேட்ஜ். அது விசுவாசத்தின் அடையாளம்.

எங்கள் குடும்பம் சென்னை. தாத்தாவுக்குத் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர் என்கிறார்கள். தேட முடியுமா?

முடியும். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர், சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டார்னோவேக்காரர். எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அந்தச் சமூகத்துக்காகத்தான். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்2 என்ற வரிசையில் அவை இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அப்பா பெயரும் பதவியும் தெளிவாக இருக்கும், இந்தியத் தாயின் பெயர் பல பதிவுகளில் இருக்கவே இருக்காது. அந்தப் பாட்டியையும் தேடுங்கள், கிடைக்கும் ஒரு சின்னக் குறிப்பையும் விடாதீர்கள், அவரும் உங்கள் குடும்பம்தான்.

எனக்கு ஸ்காட்லாந்துத் தொடர்பே இல்லை. டார்டன் போடலாமா?

தாராளமாக. தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பிளாக் வாட்ச்சும் ராயல் ஸ்டூவர்ட்டும் எல்லோரும் போடுகிறார்கள். 1853இல் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் உருவாக்கிய சாம்பல் நிற பால்மோரல் டார்டனை மட்டும் அரச குடும்பத்துக்கு விட்டுவிடுவது வழக்கம்.

சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பதிவு செய்யலாமா?

செய்யலாம். 2009 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டைத் தேசிய ஆவணக் காப்பகமே பராமரிக்கிறது. டிசைன் ஏற்கெனவே உள்ளது எதைப்போலவும் இருக்கக் கூடாது, வைக்கும் பெயருக்கும் உங்களுக்கும் தெளிவான தொடர்பு இருக்க வேண்டும், குலத்தின் பெயரை வைக்க வேண்டுமென்றால் அந்தக் குலத்தலைவரின் சம்மதம் வேண்டும். நிறங்களையும் இழைக் கணக்கையும் எழுதி, ஒரு படத்தோடு, கட்டணம் செலுத்தி அனுப்பினால் போதும். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னத் துண்டையாவது நெய்யச் சொல்லிப் பாருங்கள், திரையில் பளிச்சென்று தெரிந்த இரண்டு நிறம் துணியில் குறுக்கிடும் இடத்தில் சேறாகிவிடுவதுண்டு.